பாஷை வந்த பிறகு

தங்கை போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது அவள் யாரோ ஒரு கிழவருக்கு மேல்வரிசைப் பற்களை மெழுகில் நட்டுக்கொண்டிருந்தாள். பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளுக்குப் பல் செட் செய்து தருகிற பட்டறை அது. மாடியில் ஒரு நீள அறை, ஜன்னலை ஒட்டி மேஜைகள், மூலையில் செட்டை வேகவைக்கும் வெந்நீர்த் தொட்டி, எங்கே கை வைத்தாலும் வெள்ளை மாவுத் தூசு. ஃபோனை எடுத்தபோது அவள் கையில் ஒரு கோரைப்பல் இருந்தது. பேசி முடித்த பிறகும் அது கையிலேயே இருந்தது. முதலாளிதான் வந்து விரல்களைப் பிரித்து அதை வாங்கி வைத்தார்.

அன்றே அவளும் புருஷனும் கிளம்பினார்கள். புருஷனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. தெருவுக்கெல்லாம் அவர் மெக்கானிக். கோபம் வந்தால் அவளுக்கும் மெக்கானிக்தான். வழியெல்லாம் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படிப் பிடித்ததில்லை.

தங்கை வேறு பாஷைக்காரனைக் கட்டிக்கொண்டு தூரத்து ஊருக்குப் போனவள். உயரக் கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் கண்ணாடி பொருத்துகிறவன் அவன். நல்ல பையன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், ஆனால் அவனோடு யாரும் நாலு வார்த்தை பேசினதில்லை. எப்படிப் பேசுவது? இவர்கள் பாஷை அவனுக்கு வராது, அவன் பாஷை இவர்களுக்கு வராது. நடுவில் இரண்டு பக்கமும் உடைந்த கொஞ்சம் இங்கிலீஷ். போன புதிதில் தங்கை ஃபோனில் நிறையப் பேசுவாள். போகப்போக வார்த்தைக்கு நடுவில் தயங்க ஆரம்பித்தாள். "இதுக்கு நம்மள்ல என்னக்கா சொல்லுவோம்?" என்று கேட்பாள். குழந்தை பிறந்த பிறகு தமிழ் சொல்லித் தர்றியா என்று கேட்டதற்கு, "பக்கத்து வீட்டு டீச்சரம்மா ரெண்டையும் போட்டுக் குழப்பாதேன்னாங்கக்கா. முதல்ல இது நல்லா வரட்டும். நம்மளது எங்க போயிடப்போகுது" என்றாள்.

தங்கையும் அவனும் பைக்கில் போகும்போது பின்னால் லாரி இடித்திருக்கிறது. அவள் அங்கேயே போய்விட்டாள். அவனுக்கு இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. எரிக்கிற இடத்தில் யார் யாரோ என்னென்னவோ கேட்டார்கள். அக்காளும் மெக்கானிக்கும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். எதற்குச் சம்மதித்தோம் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

குழந்தைக்கு நாலு வயசு. பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். தங்கை புருஷனுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது, அப்பா அம்மா எப்போதோ போய்விட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் எழுந்து நடக்க என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டுகளுக்குள் கிடந்த அவன் ஒரு கையை மட்டும் தூக்கி, "டேக் மை பேபி. ஐ கம்" என்றான். அவ்வளவுதான் இருந்தது அவனிடம் சொல்ல.

திரும்பி வரும்போது ரயிலில் குழந்தை ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னது. முதலில் சாதாரணமாக, அப்புறம் கெஞ்சலாக, அப்புறம் அலறலாக. தண்ணீர் கொடுத்தார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள். கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜன்னலைத் திறந்தார்கள், மூடினார்கள். மெக்கானிக் குரங்கு மாதிரி மூஞ்சியை வைத்துக் காட்டினார். கடைசியில் அழுது களைத்துத் தூங்கிப்போனது. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினபோது குதிகாலில் தோல் வழன்று ரத்தம் ஒட்டியிருந்தது. அந்த வார்த்தைக்கு ஷூ என்று அர்த்தமா, வலி என்று அர்த்தமா, கழற்று என்று அர்த்தமா, தெரியவில்லை. மருந்து போடும்போது குழந்தை "ஐயோ" என்றது. தமிழ் "ஐயோ". சூடு பட்டால், பொருள் கை தவறினால் தங்கை வாயிலிருந்து வந்தது போலும். ஒரு அம்மாவின் பாஷையில் பிள்ளைக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

ஆளும் சின்னது, நிறமும் கருப்பு, கிட்டப் போனால் சுள்ளென்று ஏதோ சொல்லும். மெக்கானிக் அதற்கு மிளகு என்று பேர் வைத்தார். அந்த வீட்டில் பிள்ளைகள் இருந்ததில்லை. பேர் வைத்த மறுநாளே மெக்கானிக் வேலைக்குப் போகும்போது, "மிளகு, பெரியப்பா போயிட்டு வரட்டுமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

முதல் கொஞ்ச நாள் மிளகு நிறையப் பேசினாள். நீள நீளமாக, கையை ஆட்டி, புருவத்தைத் தூக்கி, ஏதோ வழக்கு சொல்வதுபோலப் பேசினாள். இவர்கள் "ஆமாம்டா செல்லம், சரிடா செல்லம்" என்றார்கள். அவள் நிறுத்தி இவர்கள் முகத்தையே பார்ப்பாள். பிறகு பேச்சு குறைந்தது. ஒரு நாள் சுத்தமாக நின்றது. பூட்டுப் போட்ட மாதிரி.

மிளகு அம்மாவைக் கேட்டது அந்த ஆரம்ப நாட்களில்தான். அந்த ஒரு வார்த்தை எல்லாப் பாஷையிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து தொலைத்ததால் பெரியம்மாவுக்குப் புரிந்தது. வாசல் கதவைக் காட்டிக் கேட்பாள். பெரியம்மா என்னத்தைச் சொல்வாள்? மேலே கையைக் காட்டினாள். குழந்தை மேலே பார்த்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கொஞ்சம் பாஷை வரட்டும், பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் வாய் மூடின பிறகு மிளகு அதைக் கேட்கவே இல்லை.

பட்டறையிலிருந்து உடைந்துபோன மாவு அச்சுகளை விளையாட எடுத்து வந்து கொடுத்திருந்தாள். யார் யாருடையவோ மேல் தாடை, கீழ்த் தாடை. மிளகு அவற்றை ஜோடி சேர்த்துச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். வாயைத் திறந்து மூடிப் பேச வைப்பாள். ஒன்றுக்குக் கட்டைக்குரல், ஒன்றுக்குக் கீச்சுக்குரல். அங்கே மட்டும் அந்தப் பாஷை ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா அடுப்படியில் நின்று காதைக் கொடுத்துக் கேட்பாள். அவள் காலடிச் சத்தம் கேட்டால் தாடைகள் கப்பென்று மூடிக்கொள்ளும்.

நர்சரியில் சேர்த்தார்கள். அங்கேயும் அப்படித்தான். பெரியம்மா ஒரு நாள் லீவு போட்டுவிட்டு டீச்சரைப் பார்க்கப் போனாள்.

"வாயே திறக்க மாட்டேங்குதுங்க டீச்சர். ஊமையாயிடுமோன்னு பயமா இருக்கு."

"ஊமையெல்லாம் ஆகாதுங்க. அவ கேட்டுக்கிட்டு இருக்கா. பாட்டுப் பாடினா மத்த பிள்ளைங்களைப் பார்த்துக் கையை சரியா ஆட்டுறா. காது ரொம்பின பிறகுதான் வாய் திறக்கும்." டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க ஒண்ணு பண்ணுங்க. அவங்க அப்பாவைத் தினமும் ஃபோன்ல பேசச் சொல்லுங்க. அந்தப் பாஷை அறுந்துபோச்சுன்னா திரும்ப ஒட்டவைக்கிறது கஷ்டம்."

"பிறந்ததிலருந்து பேசினது மறந்துபோகுமா?"

"சின்னப் பிள்ளைங்களுக்குத்தாங்க சீக்கிரம் மறக்கும். நமக்குத்தான் எதுவும் மறக்காது."

அவன் பேசாமல் இல்லை. படுக்கையிலிருந்தபடியே அடிக்கடி ஃபோன் செய்தான். ஆனால் ஒவ்வொரு ஃபோனுக்கும் பிறகு மிளகு மேஜைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள். சோறு இறங்காது. படுக்கையை நனைத்துவிடுவாள். பெரியம்மா துவைத்துக் காயப்போட்டுவிட்டு வேலைக்கு ஓடுவாள். நாலைந்து தடவை பார்த்தாள். அப்புறம் அவன் கூப்பிட்டால் "ஸ்லீப்பிங்" என்றாள். இன்னொரு நாள் "ஸ்கூல்" என்றாள்.

"மத்தியானம் தூங்குறா, ஞாயித்துக்கிழமை ஸ்கூல் போறா. அவன் நம்புவானா?" என்றார் மெக்கானிக்.

"நம்பினா நம்பட்டும், நம்பாட்டிப் போகட்டும். எனக்கு அவ சாப்பிடணும்."

"டீச்சர் சொன்னாங்கல்ல?"

"டீச்சரா வந்து பாய் துவைக்கிறாங்க?"

மெக்கானிக் அதோடு விட்டுவிட்டார். அவளிடம் அவர் எப்போதும் அதோடு விட்டுவிடுகிறவர்தான்.

மிளகின் வாய் திறந்த கதையை மெக்கானிக் பிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஸ்டூல் மேல் ஏறி நின்று மின்விசிறியைக் கழற்றிக்கொண்டே அவர் பாடிக்கொண்டிருந்தார். அவர் பாட்டு அப்படி ஒன்றும் கேட்கிற பாட்டு இல்லை. கீழேயிருந்து ஒரு குரல், "கொஞ்சம் சும்மா இருக்கீங்களா" என்றது. பெரியம்மாவின் அதே இழுப்பு, அதே அலுப்பு. பெண்டாட்டிதான் என்று நினைத்து அவர் பாட்டை நிறுத்திவிட்டார். பிறகுதான் அவள் பட்டறையில் இருக்கிறாள் என்பது உறைத்தது. குனிந்து பார்த்தால் மிளகு இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது.

அப்புறம் மடை திறந்துவிட்டது. முதலில் "வேணும் தண்ணி", "போறேன் நான் வெளிய" என்று வார்த்தைகள் தலைகீழாக வந்தன. பிறகு தாமாகவே வரிசைக்கு வந்துவிட்டன. 'தூங்கினேன்', 'ஓடினேன்' பிடிபட்டதும் எல்லாவற்றுக்கும் அதே வாலை ஒட்டினாள். "நான் ஸ்கூலுக்குப் போனா டீச்சரும் வரினாங்க." திருத்தினால் சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு மறுபடியும் "வரினாங்க" என்பாள். ஒரு நாள் யாரும் சொல்லாமலே "வந்தாங்க" என்றாள். மெக்கானிக்குக் கடைசிவரை 'வாளப்பளம்'தான். அவள் அவரை உட்கார வைத்து, "பெரியப்பா, நாக்கை மடிங்க. இன்னும் மடிங்க. பழம்" என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் நாக்கை மடித்து மூச்சடைத்துப்போவதைப் பார்த்துப் பெரியம்மா அடுப்படியில் சிரித்தாள். தங்கை போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒரு காலையில் பெரியம்மா தரை துடைத்துக்கொண்டு வந்தாள். மேஜைக்கு அடியில் தாடைகள் பேசிக்கொண்டிருந்தன. கட்டைக்குரல் "ஏன் இன்னும் சாப்பிடல?" என்றது. கீச்சுக்குரல் "எனக்குப் பசிக்கல, போ" என்றது. அவள் துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு நிறைந்துபோனது. இனி இது நம்ம குழந்தை என்று ஒரு நினைப்பு ஓடியது. பட்டறையில் போய் முதலாளியிடம் சொன்னாள். அவர் பல்லை ராவிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்திவிட்டு, "அப்போ அந்தப் பழைய பாஷை எங்க போச்சு?" என்று கேட்டார்.

"எங்க போகும்? உள்ளதான் இருக்கும்" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அது நிச்சயமில்லை.

ரொம்ப நாள் கழித்து, அவன் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால், ஃபோனை மிளகிடம் கொடுத்தாள். அவன் படபடவென்று பேசினான். ஸ்பீக்கரில் கேட்டது. மிளகு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, "பெரியம்மா, இந்த மாமா என்ன சொல்றாரு?" என்றாள்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. தங்கை அவனுக்கு எதைச் சொல்லிக் கொடுத்தாளோ இல்லையோ, அப்பா என்றால் யார், மாமா என்றால் யார் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.  அவன் ஃபோனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. பெரியம்மாவுக்கு முதலில் பகீரென்றது. அப்புறம், வெட்கத்தை விட்டுச் சொன்னால், நிம்மதியாக இருந்தது.

மிளகு ஒன்றாம் வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு விடுமுறை நாளில் கதவு தட்டப்பட்டது. கைத்தடியோடு அவன் நின்றுகொண்டிருந்தான். முன்பிருந்த ஆளில் பாதி.

"வணக்கம் அக்கா. நான் என் மகளைக் காண்பதற்காக வந்திருக்கிறேன். தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?"

பெரியம்மா கதவைப் பிடித்தபடி அவன் வாயையே பார்த்தாள். மெக்கானிக்தான் பனியனோடு ஓடிவந்து, "உள்ள வாங்க சகலை. என்ன இது, எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார்.

"மன்னிக்கவும். மெதுவாகச் சொல்லுங்கள்."

ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்து ஒரு புத்தகத்தை வைத்துக் கற்றிருக்கிறான். பேசிப் பார்க்கக் கூட ஆள் கிடையாது. உச்சரிப்புக்கு ரேடியோச் செய்திகளைக் கேட்டிருக்கிறான். யோசித்து, மனதில் கோத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் முழுசாகக் கொண்டுவந்து வைத்தான். இவர்கள் திருப்பிப் பேசுவதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. அவன் படித்த பாஷையை அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.

மிளகு ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். படத்தில் காட்டியிருந்ததால் அப்பா என்று தெரியும். "பெரியம்மா, டிவி நியூஸ்ல பேசற மாதிரியே பேசறாரு" என்று கிசுகிசுத்தாள்.

அவன் ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவளுக்கு அங்கே இருந்த செல்லப் பேராக இருக்க வேண்டும். அவள் தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று தெரியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவன் தன் பாஷையில் மெல்ல ஏதோ கேட்டான். இன்னொன்று கேட்டான். அவள் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு அவன் சின்னக் குரலில் ஒரு பாட்டுப் பாடினான். தொட்டில் பாட்டாக இருக்கும். வரிக்கு வரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பாடினான். அவள் கடைசிவரை நின்று கேட்டாள்.

"நல்லா இருக்கு. இது என்ன பாஷைப் பாட்டு?" என்றாள்.

மெக்கானிக் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

பெரியம்மா டீ போட்டுக் கொண்டுவந்தபோது மிளகு அவன் எதிரில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவன் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினான். தங்கை ஏதோ கட்டடத்துக்கு முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"இது உன் அம்மா. உனக்கு நினைவு இருக்கிறதா?"

"ம்."

"நானும் தினந்தோறும் நினைக்கிறேன். அம்மா இறந்தபோது நீ மிகவும் சிறியவள்."

மிளகு படத்திலிருந்து நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்த்தாள். "இறந்தபோதுன்னா என்ன பெரியம்மா?"

 அந்த வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. கரப்பான்பூச்சி செத்துப்போகும், ஃபோனில் சார்ஜ் செத்துப்போகும், அவ்வளவுதான் குழந்தைக்குத் தெரியும். சொல்லப் பாஷை இல்லாத காலத்தில் சொல்ல முடியவில்லை. பாஷை வந்த பிறகு பெரியம்மாவுக்கு வாய் வரவில்லை. கேட்காத பிள்ளையிடம் நாமாகப் போய் ஏன் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளி, வருஷம் இரண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அவனோ அதெல்லாம் எப்போதோ சொல்லியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"இறந்ததுன்னா... ரொம்ப தூரமா போறதுடா" என்றாள் பெரியம்மா. வேகமாகச் சொன்னாள், அவனுக்குப் பிடிபடக்கூடாதென்று.

அவனுக்கு ஒரு வார்த்தை பிடிபட்டுவிட்டது. "தூரம்?" என்றான். பெரியம்மாவைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான். மெல்ல மெல்ல அவன் முகம் மாறியது. "அக்கா, இவளுக்குத் தெரியாதா?"

பெரியம்மா டீத் தட்டை மேஜையில் வைத்தாள்.

"தூரம் இல்லை, மகளே" என்றான் அவன். அதற்கு மேல் வார்த்தை தேடினான்.  அவன் பாஷையில் ஆயிரம் விதமாகச் சொல்லத் தெரிந்திருக்கும். படித்த புத்தகத்தில் சின்னப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது என்று போட்டிருக்கவில்லை. "அம்மா... முடிந்துவிட்டாள்" என்றான்.

அது மிளகுக்குப் புரிந்தது. "முடிஞ்சு போச்சா? பால் முடிஞ்சு போற மாதிரியா?"

அவனுக்கு அது விளங்காமல் பெரியம்மாவைப் பார்த்தான்.

"ஆமா கண்ணு" என்றாள் பெரியம்மா. "அந்த மாதிரிதான்."

"அப்புறம் வேற வாங்க முடியாதா?"

"முடியாதுடா."

மிளகு அழவில்லை. படத்தை அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய் மேஜைக்கு அடியில் உட்கார்ந்தாள். அவளுக்கு இப்போது அந்த இடம் போதவில்லை. தலையைக் குனிந்து, முழங்காலைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை, எந்தப் பாஷையிலும். அவன் கைத்தடியை ஊன்றி இறங்கி, உடைந்த இடுப்போடு தரையில் உட்கார்ந்தான். சாயங்காலம் விளக்குப் போடும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். பெரியம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கிட்டப் போக அவளுக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

மிளகை அழைத்துப்போகத்தான் அவன் வந்திருந்தான். அவன் அந்தப் பேச்சை எடுக்கும் நாளுக்காகப் பெரியம்மா காத்திருந்தாள். சண்டை போடுவதற்கு வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தாள். பக்கத்து லாட்ஜில் தங்கி அவன் தினமும் வந்தான். மிளகு அவனிடம் மெல்லப் பேச ஆரம்பித்திருந்தாள். "காண்பதற்காக இல்லப்பா. பார்க்க" என்று திருத்தினாள். ஒரு நாள் அவள் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் அவன் வந்தான்.

"அக்கா, நான் இவளை அழைத்துச் செல்ல நினைத்தேன். ஆனால் அங்கே இவள் மறுபடியும் ஊமை ஆவாள். ஒரு குழந்தை இரண்டு முறை ஊமை ஆகக்கூடாது. நான் பெரியவன். நான் ஊமையாக இருக்கலாம். இங்கே எனக்கு ஒரு வேலை கிடைக்குமா?"

பெரியம்மா அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் உதவவில்லை. "ஸ்லீப்பிங்" என்று சொன்ன நாட்களை எல்லாம் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று வந்தது. "தம்பி, அப்போ நீங்க ஃபோன் பண்ணும்போது..." என்று ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. தமிழில் கோபப்பட அவனுக்குத் தெரியவில்லையோ என்னவோ.

மெக்கானிக் அலைந்து ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பிடித்துக் கொடுத்தார். உயரத்தில் ஏறுகிற வேலை இனி முடியாது. உட்கார்ந்த இடத்தில் அளவுக்கு வெட்டிக் கொடுக்க வேண்டும். அதே தெருவில் ஒரு அறை பார்த்துக்கொண்டான். கடைப் பையன்கள் அவனுக்குச் செய்தி வாசிப்பாளர் என்று பேர் வைத்தார்கள். "ஐயா, இன்றைய தலைப்புச் செய்திகள்?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். என்ன கேட்டார்கள் என்று புரிவதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள். காலம் போகப்போக அவன் தமிழ் இறங்கி வந்தது, ஆனால் தரைக்கு வரவில்லை. பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டால் மிளகு, "அப்பா வேணாம், பெரியப்பா வாங்க" என்பாள். அது அவன் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளப் பெரியம்மா கதவைச் சாத்துவாள்.

அந்த ஊரில் அவனுடைய பாஷை பேச ஆள் இல்லை. ஒரு தடவை பெரியம்மா சாப்பாடு கொடுக்க அவன் அறைக்குப் போனபோது உள்ளே யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். விருந்தாளி என்று நினைத்துத் தயங்கி நின்றாள். உள்ளே அவன் தனியாக முகச்சவரம் செய்துகொண்டிருந்தான்.

அன்றிலிருந்து அவள் கற்றுக்கொள்ளப் பார்த்தாள். "தண்ணிக்கு என்ன சொல்லுவீங்க தம்பி? உப்புக்கு?" அவன் சந்தோஷமாகச் சொல்வான். அவள் திருப்பிச் சொல்வாள். அவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவான். பட்டறையில் பல் நடும்போதெல்லாம் முணுமுணுத்துப் பார்ப்பாள். மறுநாள் தண்ணீர் இருக்கும், உப்பு போயிருக்கும். அதற்கு அடுத்த நாள் இரண்டும் இருக்காது. வாயில் வருவது இரண்டுங்கெட்டானாக இருக்கும். எத்தனையோ பேர் வாய்க்குச் சரியாகப் பல் கட்டிக் கொடுத்தவளுக்குத் தன் வாயை வளைக்க முடியவில்லை.

மிளகிடம் கேட்டுப் பார்த்தாள். "நீ கத்துக்கோயேன்டா. அப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கும். உனக்கு முன்னாடி தெரிஞ்சதுதானே?"

"வேணாம் பெரியம்மா."

"ஏன்டா?"

"அவர் அதுல பேசினாலே எனக்கு வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது. என்னன்னு புரியல. ஆனா பண்ணுது."



ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கமாகியிருந்தது. மிளகு வளர்ந்துவிட்டாள், கேள்வியும் வளர்ந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டில் கையை வைத்துக்கொண்டு, "அப்பா, அம்மா எப்படி இருப்பாங்க? போட்டோல இல்ல, நிஜத்துல" என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். "மிகவும் வேடிக்கையாகப் பேசுவாள். அவள் வாய் திறந்தால் எல்லோரும் சிரிப்பார்கள்."

பெரியம்மா நிமிர்ந்தாள். "யாரு, அவளா?" அந்த வீட்டில் தங்கைக்கு வாயில்லாப்பூச்சி என்றுதான் பேர். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். அக்காளுக்கு எதிரில் அவள் ஒரு தமாஷ் பேசினதாக நினைவே இல்லை.

"ஆம் அக்கா. அங்கே அவள் அப்படித்தான். ஒரு முறை என் முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். மிகவும் குண்டான மனிதர். அவள் அப்போதுதான் எங்கள் மொழியைக் கற்றுக்கொண்டிருந்தாள். 'உட்காருங்கள்' என்று சொல்ல வேண்டும். ஆனால் 'உருளுங்கள்' என்று சொல்லிவிட்டாள். அங்கே இரண்டு சொல்லுக்கும் சிறிய வித்தியாசம்தான். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு யார் வந்தாலும் வேண்டுமென்றே அப்படிச் சொல்வாள். முகம் அசையாது. முதலாளி ஒரு நாள்..." அவன் நிறுத்தினான். "இல்லை. அது சரியாக வரவில்லை. உருளுங்கள் அல்ல. வேறு சொல் வேண்டும்." மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். மிளகு மரியாதையாகக் கேட்டாள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

மெக்கானிக் சிரிக்க முயற்சி செய்தார்.

"அந்த மொழியில் மிகவும் நன்றாக இருக்கும்" என்றான் அவன்.

"அப்போ அதிலேயே சொல்லுங்க தம்பி" என்றாள் பெரியம்மா. "எங்களுக்குப் புரியாட்டி என்ன. அவ எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்லுங்க."

அவன் மிளகைப் பார்த்தான். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. அவன் கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னான். அது வேறு ஆள். கை பறந்தது, குரல் மாறியது, இல்லாத கதவைத் திறந்தான், குண்டு மனிதர் மாதிரி மூச்சு வாங்கினான். நடுவில் ஒரு இடத்தில் பெண் குரலில், கொஞ்சம் தமிழ் ஒட்டின நாக்கோடு ஒரு வாக்கியம் வந்தது.  அப்படியே தங்கையின் குரல். கடைசி வார்த்தைக்கு வருவதற்கு முன்பே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேஜையைத் தட்டிச் சிரித்தான். நிறுத்தப் பார்த்தான், நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, தோள் குலுங்கியது.

மூன்று பேரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிளகு ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் ஒரு தம்ளர் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் குடிக்கவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். சாப்பாடு ஆறியிருந்தது. பெரியம்மா எழுந்து சூடாக வேறு போட வந்தாள். அவன் கையைக் குறுக்கே காட்டித் தடுத்துவிட்டு அதையே சாப்பிட்டான்.